லைட் விற்ற இருட்டு அங்கிள்

உலகத்தில் லைட் விற்றுப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் லைட் வாங்க வந்தவனை முதலில் இருட்டில் உட்காரவைத்து, பாதிப் பேரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பிய மனிதர் இவர் ஒருவர்தான் என்று பிரிக்ஃபீல்ட்ஸின் எந்த மூலையில் நின்றும் நான் சத்தியம் செய்வேன்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மீன்தொட்டிக்கு லைட் விற்றவருக்கு எங்கள் வட்டாரம் வைத்த பெயர் 'இருட்டு அங்கிள்'. கடை ஒரு பூமாலைக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. படியேறிக் கதவைத் திறந்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே இருபது தொட்டிகள் இருந்தாலும் இரண்டு மூன்றில்தான் வெளிச்சம் இருக்கும். மற்றதெல்லாம், அவர் கணக்கில், தூங்கிக்கொண்டிருக்கும். நாம் உள்ளே ஓர் அடி வைத்ததும் எங்கிருந்தோ ஒரு குரல் வரும்.

"கால வைக்காதீங்க, பக்கெட் இருக்கு."

அந்தக் குரலுக்கும் நம் கால் பக்கெட்டுக்குள் போவதற்கும் அரை நொடிதான் வித்தியாசம். குரல்தான் பிந்தி வரும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். நான் மூன்று முறை விட்டிருக்கிறேன். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும்.

அவர் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டால் ஆளுக்கோர் ஊர் சொல்வார்கள். பூமாலைக் கடை அக்கா கிள்ளான் என்பார். பக்கத்து முடிதிருத்தகத்து அண்ணன், "இல்ல பாஸ், சுங்கை பூலோ" என்பார். கடையைச் சாத்திவிட்டு அவர் படியிறங்கிப் போவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். எந்த ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறியதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அவருடைய வேதம் ஒன்றே ஒன்றுதான். "எட்டு மணி நேரம் லைட்டு. மிச்சம் பதினாறு மணி நேரம் இருட்டு. அதுக்கு மேல எரியவிட்டா தொட்டி பூரா பாசி புடிச்சுப் பச்சையாயிரும். வாட்டு, கெல்வினு எல்லாம் பெட்டியிலயே போட்டிருக்கு, படிச்சுக்கங்க. உங்க வீட்டு இருட்டு எப்படின்னு எந்தப் பெட்டியிலயும் போடல. அத நான் வந்து பாக்கணும்."

நிஜமாகவே வருவார். வந்து வீட்டில் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்வார். இருட்டானதும் சத்தமாக ஓர் எண் சொல்வார். அந்த இடத்தில் எத்தனை உயிர் இருக்கிறது என்ற கணக்கு அது. மீன் கூட்டமாக இருந்தால் எண்ணமாட்டார். "அதுங்களே ஒன்ன ஒன்னு எண்ணிக்கும்" என்பார். தனி மீனாக இருந்தால் அதையும் ஆளோடு ஆளாகச் சேர்த்துக்கொள்வார்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பல் டாக்டர் தன் கிளினிக்கில் தொட்டி வைத்திருந்தார். வரவேற்பறை லைட்டை மட்டும் அணைப்பதாக நினைத்து அங்கிள் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார். உள்ளே ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி கிடக்க, டாக்டர் கையிலிருந்த மெஷின் பாதியில் நின்றது. கும்மிருட்டில் ஒரு குரல், "ஏழு" என்றது. நோயாளி வாயில் பஞ்சோடு லிஃப்ட் வரை ஓடிவிட்டார். லைட் வந்ததும் டாக்டர் கோபத்தோடு எண்ணிப் பார்த்தார். ஓடியவரையும் சேர்த்து ஆறு பேர்தான்.

"ஏழு," என்றார் அங்கிள், பிடிவாதமாக.

ஏழாவது ஆள் கழிவறைக்குள் இருந்தார். தாழ்ப்பாள் சிக்கி, கத்திக் கத்தித் தொண்டை கட்டி, தரையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான சீனப் பாட்டி. அன்றிலிருந்து இருட்டு அங்கிள் எண்ணினால் எண்ணினதுதான் என்று ஆகிவிட்டது.

பூச்சோங்கில் ஒரு வீட்டில் இரவெல்லாம் தொட்டிக்கு நீல லைட். கேட்டால் நிலா வெளிச்சமாம். "நிலா பூச்சோங்ல மட்டும் மறையவே மறையாதா?" என்று கேட்டுவிட்டு அங்கிள் சோபாவில் உட்கார்ந்தார். அவர்கள் அதை அணைக்கும் வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு வேளை சாப்பாடு போட்டிருக்கிறார்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன்.

என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் வளர்த்தது ஒரே ஒரு ஆஸ்கர் மீன். உள்ளங்கையை விடப் பெரியது, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டு. பெயர் தவுக்கே. இந்த ஊரில் முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம். அப்பாவுக்கு வாழ்நாளில் எந்த முதலாளியிடமும் நல்ல பெயர் கிடைத்ததில்லை, ஒரு முதலாளியைத் தானே வளர்த்துக்கொண்டார். தினமும் சாயந்திரம் தொட்டிக்கு எதிர்ச் சுவரோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதைப் பார்ப்பார். பிறகு எழுந்து போய்க் கையாலேயே தீனி கொடுப்பார். ஒன்பது வருஷம் இப்படி நடந்தது. வேறு யார் கையையும் அது தொட்டதில்லை.

அப்பா காலமானார். அன்று இரவே அவர் படத்தை அந்த நாற்காலிக்கு நேர் மேலே மாட்டி, மாலை போட்டு, அடியில் சின்னச் சிவப்பு பல்பு ஒன்றை எரியவிட்டோம். முதல் வருஷத் திதி வரைக்கும் அது அணையக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அப்பா போன நாளிலிருந்து தவுக்கே சாப்பிடவில்லை. நான் போட்டாலும் சரி, அம்மா போட்டாலும் சரி, ஓர் உருண்டையைக்கூட வாயில் வைக்கவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு காலி நாற்காலி இருந்த பக்கமே பார்த்து நின்றது. மூன்று வாரத்தில் வயிறு ஒட்டிப்போய்விட்டது.

"உங்க அப்பா அங்கதான்டா உக்காந்துருக்காரு. அதுக்குத் தெரியுது. உனக்குத்தான் தெரியல," என்றாள் அம்மா. சொன்னதோடு நிற்கவில்லை. சாயந்திரம் ஆனால் ஒரு கிளாஸில் சர்க்கரை போடாத தே-ஓ, அதாவது பாலில்லாத தேநீர், கலந்து நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் வைக்க ஆரம்பித்தாள். எனக்கு அந்த நாற்காலியைக் கடந்து கிச்சனுக்குப் போகவே கால் கூசியது.

ஒரு நாள் தொட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இதுவும் போயிட்டா, உங்க அப்பாவத் தெரிஞ்ச உயிரு இந்த வீட்டுல நான் ஒருத்திதான்." நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் அவள் சொன்னது எனக்கு உறைத்தது. அந்த மீன் செத்தால் அம்மா இரண்டாவது தடவை தாலியறுப்பாள் என்று பயமாக இருந்தது.

நான் படித்தவன் அல்லவா, மூளையைக் கசக்கிக் காரணம் கண்டுபிடித்தேன். அப்பாவின் பழைய லைட் மங்கல். மங்கல் வெளிச்சத்தில் மீனுக்கு மனச்சோர்வு. ஆன்லைனில் இருப்பதிலேயே பிரகாசமான எல்இடி லைட்டாக ஒன்று வாங்கினேன். ரிமோட்டோடு பதினாறு கலர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். சுவிட்சைப் போட்டதும் தவுக்கே துள்ளி மூடியில் மோதி நெற்றியைச் சிராய்த்துக்கொண்டது. ஹால் முழுக்கப் பச்சையும் ஊதாவும் ஓடியது.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "என்னடா இது, டிஸ்கோவா? அவரு போயி ஒரு மாசம்கூட ஆகல!"

மறுநாள் நான் இருட்டு அங்கிளின் பக்கெட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். முகம் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"ராத்திரில வீட்டுல என்ன லைட்டு எரியும் தம்பி?"

"ஒன்னும் எரியாது அங்கிள்."

"சாமி ரூம்பு?"

"கதவு சாத்திருவோம்."

"ஒன்னுமே எரியாது?"

"ஒன்னுமே எரியாது லா அங்கிள்."

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயந்திரம் ஏழரைக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய ஒரு டார்ச் லைட். அதை அவர் ஏற்றி ஒருவரும் பார்த்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே எட்டிப் பார்த்து, "அஞ்சு" என்றார்.

நான் எண்ணினேன். அம்மா, நான், அவர், தவுக்கே. நாலு. பல் டாக்டர் கிளினிக் ஞாபகம் வந்து, ஓடிப்போய் பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பி வந்தால், அங்கிள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் இருந்த தே-ஓவைக் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா வாயில் கைவைத்தபடி நின்றாள்.

"சக்கரை இல்லையேக்கா," என்றார்.

"அவருக்கு இனிப்புநீர் வியாதிண்ணே," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டாள் அம்மா. இவர் அவளை அக்கா என்பதும் அவள் இவரை அண்ணே என்பதும் அப்போது ஆரம்பித்தது. யார் மூத்தவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை.

"எல்லாத்தையும் அணைங்க தம்பி."

ஹால் லைட்டை அணைத்தேன். கிச்சன் லைட்டை அணைத்தேன். கடைசியாகத் தொட்டி லைட்டை அணைத்தேன். வீடு கறுப்பாகும் என்று நினைத்தேன். சிவப்பாக ஆயிற்று.

தொட்டித் தண்ணீருக்குள் அப்பா இருந்தார்.

மாலை, நெற்றித் திருநீறு, பாதிச் சிரிப்பு, எல்லாம் இருந்தது. கல்லுக்கும் மோட்டார் குழாய்க்கும் நடுவில், சிவப்பாக, அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கல்லுக்குப் பின்னாலிருந்து தவுக்கே மெதுவாக வந்தது. அப்பாவின் கழுத்தைக் கடந்தது, கன்னத்தைக் கடந்தது, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. குமிழி விடும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு முதுகில் வேர்த்துவிட்டது. 

"ஒன்னுமே எரியாதுன்னீங்க தம்பி," என்றது நாற்காலியிலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். அவர் தலைக்கு மேலே அப்பாவின் படம், அதன் அடியில் சிவப்பு பல்பு. வீடே இருட்டாக இருந்ததால் அந்தப் படம்தான் எதிரிலிருந்த தொட்டிக் கண்ணாடியில் விழுந்திருந்தது. தினமும் தொட்டி லைட்டை அணைத்த கையோடு நாங்கள் படுக்கப் போய்விடுவோம். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

"அது லைட் இல்ல அங்கிள்," என்றேன். "அது அப்பா."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. நம் வீடுகளில் படத்துக்கு எரிகிற பல்பை யாரும் லைட் கணக்கில் சேர்ப்பதில்லை. கரண்ட் பில்லில்கூட அது தெரியாது என்பது போலத்தான் நடந்துகொள்கிறோம்.

"மீனுக்கு ஆள் முகம் தெரியும்," என்றார் அங்கிள். "ஒம்பது வருசம் சோறு போட்ட மூஞ்சி. அது உள்ளருந்து நேரா படத்தத்தான் பாக்குது. விடிய விடிய அந்த மூஞ்சி இங்கயே இருக்கு. மூஞ்சி இருந்தா கை வரணும்ல? வரல. அதான் காத்துக்கிட்டு நிக்குது. அதுக்குக் கண்ணுல இமை கெடயாது. இருட்டு வந்தாத்தான் தூக்கம். மூணு வாரமா தூங்காத உசுரு எப்படிச் சாப்புடும்? அந்த பல்ப அணைச்சிருங்கக்கா."

"முடியாதுண்ணே."

"படத்தை உள் ரூமுக்கு மாத்திட்டா..." என்று நான் இழுத்தேன்.

"அவரு எடம் அது!" அம்மாவின் குரல் உடைந்தது. "சாங்கியத்துக்காக மட்டும் சொல்லலண்ணே. அவருக்கு இருட்டுன்னா பயம். நாப்பது வருசம் பாத்ரூம் லைட்டு எரிஞ்சாத்தான் தூங்குவாரு. வெளிய சொன்னா வெக்கம்னு, எனக்குப் பயம்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டாரு. நானும் ஆமான்னுட்டேன்."

ரயில் பாதையில் வருஷக்கணக்காக நைட் ஷிஃப்ட் பார்த்த மனுஷன் என் அப்பா. அம்மாதான் பயந்தாங்கொள்ளி என்று அவரோடு சேர்ந்து நானும் சின்ன வயதிலிருந்து கேலி பேசியிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் என்னால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அங்கிள் தே-ஓ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். "பயந்தவங்கள இருட்டுல தனியா விட்டாத்தான்கா பாவம். நான் இங்கயே அவரு பக்கத்துல இருக்கேன். நீங்க அணைங்க."

"எவ்ளோ நேரம்ண்ணே இருப்பீங்க?"

"அவருக்குப் பழகுற வரைக்கும்."

ஒரு பக்கம் தவுக்கே, ஒரு பக்கம் அப்பா. அம்மா சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். படத்தைப் பார்த்து, "என்னங்க, கொஞ்ச நேரம்தான். ஆளு இருக்காங்க," என்றாள். அணைத்தாள்.

அப்படி ஓர் இருட்டை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை. கீழே ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. தொட்டியில் தண்ணீர் ஒருமுறை அசைந்தது. பிறகு பிரம்பு நாற்காலி, ஆள் உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தத்தோடு ஒருமுறை கிறீச்சிட்டது.

"அஞ்சு," என்றார் அங்கிள், மெல்ல.

குரல் நாற்காலியிலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது.

அரை மணி கழித்து ஹால் லைட்டை ஏற்றினோம். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "அவரு நாற்காலி அது. எந்திரிச்சுக் குடுத்துட்டேன்," என்றார், பஸ்ஸில் இடம் கொடுத்தவர் மாதிரி சாதாரணமாக.

தொட்டியைப் பார்த்த அம்மா, "ஐயோ, போச்சு!" என்று நெஞ்சில் கைவைத்தாள். தவுக்கே அடியில் கல்லோரமாக ஒருக்களித்துக் கிடந்தது.

"ஷ்ஷ்," என்றார் அங்கிள். "தூங்குது. இதுங்க அப்படித்தான் படுக்கும். உங்க சத்தத்துலதான் செத்துரும்."

ஆறு நாள் தொடர்ந்து வந்தார். ஏழரைக்கு வருவார், சர்க்கரை இல்லாத தே-ஓ குடிப்பார். அணைப்போம், அஞ்சு என்பார், நாங்கள் நாலு பேரும் அல்லது அஞ்சு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம். மூன்றாம் நாள் எனக்குப் பயம் போய்விட்டது. நான்காம் நாள் அம்மா இருட்டில் அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவர் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஐந்தாம் நாள் அவள் கேட்டாள்.

"ஏண்ணே எண்ணுறீங்க?"

இருட்டில் அவர் கழுத்துக் கயிற்றில் டார்ச் ஆடும் சத்தம் கேட்டது. 

"ஒருதரம் எண்ணாம விட்டுட்டேன்கா."

 அம்மா இருட்டிலேயே தே-ஓ கிளாஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஏழாம் நாள் காலை தவுக்கே அம்மா கையிலிருந்து ஓர் உருண்டையைப் பிடுங்கியது. பிடுங்கிய வேகத்தில் விரலையும் கடித்தது. "கடிச்சிருச்சுடா! கடிச்சிருச்சு!" என்று அம்மா அந்த விரலைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடியில் கதவு கதவாகத் தட்டிக் காட்டினாள். எதற்கு வாழ்த்துச் சொல்வது என்று தெரியாமல் எல்லோரும் பிளாஸ்டர் கொடுத்தார்கள்.

கடைசியில் எங்களுக்கு எந்த லைட் தேர்ந்தெடுத்தார் என்று கேட்பீர்கள். ஸ்டோர் ரூமிலிருந்து அப்பாவின் பழைய லைட்டை எடுக்கச் சொன்னார். தொட்டி மூடிக் கண்ணாடியை வினிகர் தொட்டுத் துடைத்தார். ஒன்பது வருஷ உப்புக்கறை போனதும் அதே லைட் பளிச்சென்று விழுந்தது. "லைட்டுல கொறை இல்ல தம்பி. கண்ணாடிதான் அழுக்கு." அவர் எங்களுக்கு விற்றது இரண்டு டைமர் மட்டும்தான். ஒன்று தொட்டிக்கு, பகல் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை. இன்னொன்று அப்பா படத்து பல்புக்கு, அதே நேரத்துக்கு.

"அவருக்கும் எட்டு மணி நேரம்தானாண்ணே?" என்றாள் அம்மா.

"மீனுக்குப் போதும்னா மனுசனுக்கும் போதும்கா. அவரும் தூங்கட்டும்."

முதல் வருஷத் திதிக்கு அழைக்க நான் கடைக்குப் போனேன். கதவில் பூட்டு தொங்கியது. கீழே பூமாலைக் கடை அக்கா, "கிள்ளானுக்கே போயிட்டாரு போல," என்றார். முடிதிருத்தகத்து அண்ணன் சுங்கை பூலோ என்றார். போன் நம்பர் யாரிடமும் இல்லை. இன்னொரு தடவை பார்க்கலாம் என்று இருட்டுப் படியில் ஏறியபோது என் கால் பக்கெட்டுக்குள் போனது. அதை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குரலுக்காகக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வரவில்லை.

திதி முடிந்தும் பல்பையோ டைமரையோ அம்மா கழற்றவில்லை. தினமும் எட்டு மணிக்கு இரண்டும் ஒன்றாக 'டக்' என்று அணையும். தவுக்கே கல்லோரம் ஒருக்களித்துப் படுக்கும். அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அஞ்சு" என்பாள்.

போன வாரம் நான் கேட்டுவிட்டேன். "அங்கிள்தான் வர்றது இல்லையேம்மா. நாலுதானே வரும்?"

இருட்டில் அவள் என் பக்கம் திரும்பியது தெரிந்தது.

"அந்த அண்ணன எண்ணாம விட்டுர்றதா?"

நான் முதலிலிருந்து மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.